ஒரு மாத்திரை படுத்திய பாடு

மெக்சிகோவின் துலூமுக்குக் குகை டைவிங், அதாவது நீர் நிறைந்த குகைக்குள் மூழ்கிச் செல்வது எப்படி என்று கற்றுக்கொள்ளக் கிளம்புகிறவர்கள் மருத்துவப் படிவத்தைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. தைராய்டுக்காகத் தினமும் காலையில் கடுகளவு மாத்திரை ஒன்றை விழுங்குகிறவன் நான். ‘ஆம்’ என்று குறித்தேன். அந்த ‘ஆம்’ விழுந்துவிட்டால், டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் கால் வைக்க முடியாது. அது தெரிந்துதான் சென்னையிலேயே எங்கள் குடும்ப டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தேன், அவருடைய லெட்டர்பேடில், முத்திரையோடு.

பயிற்சி நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் அதைப் படிக்கக்கூட இல்லை, ஓரமாக நகர்த்தி வைத்தார். படிவத்தின் கடைசிப் பக்கத்திலேயே டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமாம். “டாக்டர் டாக்டர்தானே, தாள் மட்டும்தானே வேறு?” என்றேன். “எங்களுக்கு அந்தத் தாள்தான் வேண்டும்” என்றார், சிரித்த முகத்தோடு. வெயிலில் நடந்து ஒரு கிளினிக்குக்குப் போனால், டைவிங் படிவம் பார்க்கிற டாக்டர் மாலையில்தான் வருவார் என்றார்கள். மாலையில் போனால் மறுநாள் வரச் சொன்னார்கள். ஒருவழியாகக் கிடைத்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். எல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கொடுத்த பீஸ்தான் இன்னும் ஆறவில்லை.

எனவே படிவத்தை முன்கூட்டியே மெயிலில் வாங்கி, அதிலேயே கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு போங்கள். ஓராண்டுக்கு மேல் பழையதை ஏற்பதில்லை.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. என் பழைய டைவிங் அட்டையில் இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயராக நிற்கிறது. இது வேறு ஆள் என்று அதே பெண் சொல்லிவிட்டார். அட்டையில் உள்ள போட்டோ என்னுடையதுதான் என்பதை ஒப்புக்கொண்டார், பெயரை ஒப்புக்கொள்ளவில்லை. என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் அச்சிட்டிருந்தது, அதைத் திருப்பி, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, அட்டையில் இருந்த இனிஷியலைக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அந்தப் பயணத்தில் நான் பெற்ற முதல் வெற்றி அதுதான்.

விசா, விமானம், தங்குமிடம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்க விசா செல்லுபடியில் இருந்ததால் மெக்சிகோவுக்குத் தனி விசா கேட்கவில்லை.

பயிற்சியாளர் தங்கமான மனிதர், ஆனால் எமகாதகர். முதலில் தரையில், மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அதைப் பற்றியபடி நடக்க வைத்தார். பிறகு செனோட்டேயில் (குகைக்குள் இறங்க வாசலாக இருக்கும் நீர்க்குழிக்கு அங்கே அப்படித்தான் பெயர்) அதையே விளக்கை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கயிற்றைச் சுற்றி வளையமாக நிற்க, இன்னொரு கை முன்னால் போகிறவரின் கையைப் பிடித்திருக்கும். முன்னே தள்ளினால் போ, அழுத்தினால் நில். கயிற்றில் ஆங்காங்கே பிளாஸ்டிக் அம்புகள் மாட்டியிருக்கும். அவற்றின் கூர்முனை பக்கத்திலுள்ள வாசலைக் காட்டும். அந்தக் கும்மிருட்டில் அம்பின் மூன்று மூலைகளில் எது கூர் என்று விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

ஒருநாள் நுழைவுக் கட்டணம் கட்டி, சிலிண்டர்களைச் சுமந்து இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறோம். சோதித்துப் பார்த்த பயிற்சியாளர், வாடகைக்கு வாங்கிய என் துணை விளக்குகளில் ஒன்று மங்கலாக எரிகிறது என்று டைவையே ரத்து செய்துவிட்டார். “இரண்டு நன்றாக எரிகிறதே!” என்றேன். “மூன்று” என்றார். அவ்வளவுதான். கடைக்கு ஓடி பேட்டரி மாற்றித் திரும்பி வருவதற்குள் வாசலை மூடும் நேரம் ஆகிவிட்டது. டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்காது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் டைவை நிறுத்தலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது இந்தத் துறையில் எழுதாத சட்டம். நான் கேட்டுவிட்டேன், அவர் பதில் சொல்லாமல் சிலிண்டரை வண்டியில் ஏற்றினார்.

இரவு சாப்பாட்டின்போதுதான் வாய் திறந்தார். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் பக்கம் ஒரு நீர்க்குழியில் 1973-இல் நான்கு பேர் இறந்த பிறகுதான் அங்கே குகை டைவர்களுக்கென்று சங்கமே உருவானது. அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி விபத்துகளை ஒவ்வொன்றாக அலசி 1979-இல் விதிகளைப் புத்தகமாகப் போட்டார். வாசலிலிருந்து அறுபடாத கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உள்ளே போகச் செலவிடலாம். சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 200 பார் இருந்தால் ஒரு பங்கு 66-க்குச் சற்று மேல். அதையும் குறைத்து 60 என்று வைத்து, 140-ஐத் தொட்டதும் திரும்ப வேண்டும். 1994-இல் இதே மெக்சிகோவின் ஸகட்டோன் என்ற நீர்க்குழியின் ஆழத்தில் எக்ஸ்லியே இறந்தார். அதைச் சொல்லிவிட்டு, பேட்டரிக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று என்னிடம் கேட்டார்.

இத்தனைக்கும் ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: மழைநீர் மேலே, கடலின் உப்புநீர் கீழே, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியது போல் எல்லாம் கலங்கித் தெரியும். ஒரு சாண் கீழே இறங்கினால் பளிங்கு. பனியூழிக் காலத்தில் கடல் தாழ்ந்து குகை காய்ந்து கிடந்தபோது சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல்விழுதுகள் இப்போது தண்ணீருக்குள் தொங்குகின்றன. இந்தப் பக்கத்துச் சக் அக்துன் குகை, தோஸ் ஓஹோஸ் குகையோடு இணைந்திருப்பது 2018-இல் தெரிந்தபோது மொத்த நீளம் சுமார் 347 கிலோமீட்டர் ஆனது. அதற்குள் ஓயோ நெக்ரோ என்ற குழியில் 12,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது.

கையில் மெக்சிகோ பெசோவாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நான் போன பல செனோட்டே வாசல்களில் கார்டு எடுபடவில்லை. கொசு மருந்தும் சன்ஸ்கிரீனும் பூசிக்கொண்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் இறங்க விடுவார்கள். டைவ் முடிந்த கையோடு பறப்பது உடம்புக்கு ஆபத்து என்பதால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். என்னைப் போல் டிக்கெட் தேதியை மாற்ற அபராதம் கட்ட வேண்டியிருக்காது.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. அடுத்து புளோரிடாவின் ஜின்னி ஸ்பிரிங்ஸ் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே ஊற்று எதிர்த்து அடிக்குமாம், பாறையைப் பற்றி உடம்பை இழுத்துக்கொண்டே உள்ளே போக வேண்டுமாம். துலூமில் பாறையை ஒரு விரலால் தொட்டதற்கே நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.