ஆல்ஃபா அண்ட் ஒமேகா: பேஸ் முன்னே, குரல் பின்னே

ஜமைக்காவில் தோன்றிய ரெக்கே இசையின் ஒரு கிளை டப். லண்டனின் டப் ரெக்கே இசையில் நான் மிகவும் மதிக்கும் இரட்டையர் ஆல்ஃபா அண்ட் ஒமேகா. தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிதாரை வாசிக்கும் கிறிஸ்டின் வுட்பிரிட்ஜும் கீபோர்டு வாசிக்கும் ஜான் ஸ்ப்ரோசனும் 1980களில் சேர்ந்து தொடங்கிய இந்த இசைக்கு வயது முப்பது ஆண்டுகளுக்கும் மேல். ஆயினும் அதன் அடிப்படைக் குணம் மாறவில்லை.

டப் பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். பதிவான பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் முன்நிறுத்தி, ஒலிகளைக் கலக்கும் மிக்சிங் மேசையையே ஒரு வாத்தியமாகக் கையாண்டவர் ஒலிப்பொறியாளர் கிங் டப்பி. அவருடைய அழகு வெற்றிடத்தில் இருக்கிறது. ஆல்ஃபா அண்ட் ஒமேகா இருவரோ நேர்மாறாக, இடைவெளியை நிரப்புகிறார்கள். நான்கு அடியிலும் தவறாமல் விழும் கிக் டிரம், அதன்கீழ் சில சுரங்களையே விடாமல் சுற்றிவரும் கிறிஸ்டினின் பேஸ், மேலே ஆர்கன், குழலொத்த ஒலிகள், எங்கிருந்தோ மிதந்து வந்து எக்கோவில் கரையும் மந்திரம் போன்ற குரல்கள் என அடுக்கடுக்காக ஒலி அடர்கிறது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் காணாமல் போய் மேலடுக்கு மட்டுமே மிஞ்சும். பேஸைச் சரியாகத் தாங்கும் ஸ்பீக்கரில்தான் இவர்களை மதிப்பிட வேண்டும்.

இவர்களின் கூட்டு முயற்சிகளில் என்னை ஈர்ப்பதும் இந்த அடர்த்தியே. பொதுவாக ஒரு பாடகர் விருந்தினராக வந்தால் இசை ஒதுங்கி அவருக்கு வழிவிடும். இங்கே டப் ஜூடா போன்ற தேர்ந்த பாடகர் வந்தாலும் பேஸ் தன் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. பாடகர்தான் அதற்குள் நடந்து வர வேண்டும், அப்படி நடந்து வரும்போது அந்தக் குரலுக்கு ஒரு பிரார்த்தனையின் கனம் கூடிவிடுகிறது.

தென்கிழக்கு லண்டனில் பல பத்தாண்டுகள் சவுண்ட் சிஸ்டம், அதாவது பெரிய ஸ்பீக்கர்களில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் இசையரங்கு, நடத்தி, 2023இல் மறைந்தவர் ஜா ஷாக்கா. ஒரே டர்ன்டேபிள், சைரன், பிரமாண்டமான ஸ்பீக்கர்கள் ஆகியவற்றைக் கொண்டு இரவு முழுவதும் இசைத்தவர் அவர். அத்தகைய அரங்கிலும் நிற்கும் வலுவுள்ளது ஆல்ஃபா அண்ட் ஒமேகாவின் இசை என்பது என் எண்ணம்.

நான் அடிக்கடி திரும்பிச் செல்வது, தி டிசைப்பிள்ஸ் என்ற மற்றொரு பிரிட்டிஷ் டப் குழுவோடு இவர்கள் இணைந்து உருவாக்கிய 'தி சேக்ரட் ஆர்ட் ஆஃப் டப்' ஆல்பத்துக்குத்தான். டிசைப்பிள்ஸின் ஒலி இறுக்கமானது, கோடு போட்டதுபோல் தெளிவானது. இவர்களுடையதோ புகைமூட்டம் நிறைந்தது. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் நிற்பதே அந்த ஆல்பத்தின் சாதனை. புதிதாகக் கேட்க விரும்புவோர் அதிலிருந்து தொடங்கி, பிறகு 'கிங் அண்ட் குயின்' போன்ற தொடக்ககால ஆல்பங்களுக்குப் போகலாம். கிறிஸ்டினின் பேஸ் எவ்வளவு முன்னதாகவே தன் நடையைக் கண்டுகொண்டது என்பது அப்போது புரியும்.