தென்னை நாரைக் கழுவிய தண்ணீர்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகளின் பழுப்புத் தண்ணீர் புதிதன்று. கடையில் வாங்கிய துண்டுகளை வாளியில் ஊறப்போட்டால், பொழுது விடிவதற்குள் தண்ணீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்துக்கு மாறிவிடும். அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஊறப்போட்டால் சற்று வெளிறிய பழுப்பு வரும். தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் கெட்டுவிடும் என்று செடி விற்பவர்களே சொல்லி அனுப்புவார்கள். மட்டையிலுள்ள டானின் முதலிய பாலிஃபீனால் சேர்மங்களும் உப்பும்தான் அப்படிக் கரைந்து வருகின்றன. பையின் மேலே ‘இயற்கையானது, மண்ணில் மக்கக்கூடியது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த வாசகம் பொருள் குப்பைக்குப் போன பிறகு நடப்பதைப் பற்றியது மட்டுமே. அது நாராவதற்கு முன்பு எந்தத் தண்ணீரில் கிடந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

என் தாய்வழி உறவினர்கள் குமரி மாவட்டக் கடலோரத்தைச் சேர்ந்தவர்கள். தேங்காய் மட்டையைக் கதம்பல் என்று சொல்லும் அந்தப் பகுதியில், கயிற்றுத் தொழில் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. முற்றிக் காய்வதற்கு முந்தைய பருவத்தில், அதாவது 10, 11 மாதத்தில் பறித்த தேங்காயின் பச்சை மட்டைகளை வலைகளில் கட்டி, உப்பு கலந்த காயலிலோ கால்வாயிலோ இறக்கி, மேலே ஓலையும் சேறும் போட்டு அமுக்கி, ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை அழுகவிடுவார்கள். பிறகு எடுத்து, தோலை உரித்து, கட்டையில் வைத்துத் தடியால் அடித்தால், நார்களுக்கு இடையிலுள்ள சோறு போன்ற துகள் முழுவதும் உதிர்ந்து பொன்னிற நார் மட்டும் கையில் நிற்கும். மட்டை அடிக்கும் பெண்களின் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் எவ்வளவு தேய்த்தாலும் கறுத்தே இருக்கும். அழுகும் மட்டையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறுவதே அதற்குக் காரணம். கெட்டுப்போன முட்டையின் நாற்றம் என்று எல்லோரும் சொல்வதும் அதே வாயுவைத்தான்.

நடப்பது இதுதான். நார்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. அந்த வேலைக்கு முதலில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அதே அளவு காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் உண்டு. அவ்வளவு சிறிய கையிருப்பைத் தேங்கிய நீரில் குவிந்து கிடக்கும் மட்டைகள் வெகுவிரைவில் காலி செய்துவிடுகின்றன. அதன்பின் ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் பொறுப்பேற்கின்றன. கடல்நீர் கலந்த காயலில் சல்பேட்டுக்குக் குறைவில்லை என்பதால், அவற்றில் ஒரு வகை சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகிறது. தண்ணீரும் அடிச்சேறும் கறுத்துப்போகின்றன. நீந்தத் தெரிந்த மீன் விலகிப் போய்விடும், முட்டைகளும் குஞ்சுகளும் மடியும், இடம்பெயர முடியாத மட்டியும் சிப்பியும் இருந்த இடத்திலேயே சாகும். ஒரு சொட்டுச் செயற்கை வேதிப்பொருள்கூட இதில் சேரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேரளத்தின் அஷ்டமுடி, கடினங்குளம், வேம்பநாடு காயல்களில் மட்டை ஊறல் நடந்த பகுதிகளை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பரிசோதித்துவருகிறார்கள். அஷ்டமுடியும் வேம்பநாடும் 2002-இல் ராம்சர் என்னும் பன்னாட்டு முக்கியத்துவ ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலங்கள். அஷ்டமுடியின் மட்டி மீன்பிடிப்பு 2014-இல் நிலைத்த மீன்வளத்துக்கான பன்னாட்டுச் சான்றிதழையும் பெற்றது. ஒரே காயலை நம்பி மட்டி எடுப்பவரும் மட்டை ஊறவைப்பவரும் பிழைக்கும்போது, ஒருவர் அடுப்பெரிய மற்றவர் அடுப்பு அணைய வேண்டியிருப்பது கொடுமை. இருவருமே ஏழைகள் என்பதால் அரசாங்கத்துக்கும் அது அவசரப் பிரச்சினையாகத் தெரிவதில்லை.

சணலின் கதையும் இதற்குத் தங்கைதான். என்னோடு வேலை செய்யும் வங்கதேசத்து நண்பர் ஃபரித்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். மழைக்காலத்தில் வெட்டிய சணல் தண்டுகளைக் கட்டுகளாக்கிக் குளத்திலும் பள்ளத்திலும் மிதக்கவிட்டு, வாழைத்தண்டையும் சேற்றையும் பாரமாக ஏற்றி, இரண்டு மூன்று வாரம் வைத்திருப்பார்களாம். இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நாள் முழுவதும் நின்று நாரை உருவியபின் காலெல்லாம் அரிக்கும் என்றும், அந்தப் பருவத்தில் குளத்து மீனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்றும் சொன்னார். அவர் குறைப்பட்டுக்கொண்டது நாற்றத்தைப் பற்றியன்று. மழை குறைந்த ஆண்டுகளில் ஊறவைக்கவே தண்ணீர் கிடைக்காமல், கிடைத்த சிறு குட்டையிலேயே எல்லோரும் கட்டுகளை நெருக்கிப் போட நேர்வதைப் பற்றி. நீர் குறையக் குறைய நாரின் நிறமும் கெடும், குட்டையும் கெடும்.

இந்தத் தொல்லையை மனிதர்கள் இப்போதுதான் கண்டுகொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கால்நடை நீர் குடிக்கும் ஆறு, ஓடை, குளங்களில் நாருக்காக வளர்த்த கஞ்சாச் செடியையும் (ஹெம்ப்) ஆளியையும் ஊறவைக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 1541-இலேயே சட்டம் இயற்றினார்கள். சட்டம் எளிது, மாற்றிடம் காட்டுவதுதான் கடினம்.

சிங்கப்பூரில் வசிக்கும் நமக்கு இதெல்லாம் தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் 1977-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்துச் சுத்தம் செய்யச் சொன்ன சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் கெட்டதற்குப் பெருங்காரணம் பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, சாலையோர உணவுக்கடை, கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகள் ஆகியவற்றின் கழிவுதான். அங்கும் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றது அழுகல்தான். 1987-க்குள் ஆறுகள் மீண்டன. பன்றிப் பண்ணைகள் தீவின் வடகிழக்கிலுள்ள பொங்கோலுக்குப் போய், பிறகு தீவைவிட்டே போயின. இன்று அந்த இரண்டு ஆறுகளும் மரினா நீர்த்தேக்கத்தில் சேர்ந்து குடிநீராகின்றன. அதனால்தான் என் வாளிப் பழுப்பை நான் புளோக்குக் கீழே ஓடும் மழைநீர்க் கால்வாயில் கொட்டுவதில்லை, கழிப்பறையில் கொட்டுகிறேன். அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். ஒரு வாளிக்கே இவ்வளவு ஏற்பாடு இருக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு, நார் வந்த ஊரில் என்ன ஏற்பாடு என்று கேட்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காய்ந்த மட்டையை இயந்திரத்தில் அடித்து நாரெடுக்கும் பொள்ளாச்சி முறையில் மாதக்கணக்கான ஊறல் இல்லை. எனவே பிரச்சினை முடிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். முடியவில்லை. நாரோடு வரும் துகளைச் செடிக்கு உகந்ததாக்க, அதிலுள்ள உப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நம் கடைகளில் கட்டியாக விற்கும் தென்னைத்துகள் பெரும்பாலும் அப்படிக் கழுவப்பட்டதே. அந்தக் கழுவுநீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளின் நிறத்தை மாற்றுகிறது என்று விவசாயிகள் புகார் செய்தார்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் இத்தொழிலை மாசற்ற வெள்ளைப் பிரிவிலிருந்து நடுத்தர மாசுள்ள ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. தொழிற்கூடம் நடத்துபவர்கள் செலவு கட்டுப்படியாகாது என்று எதிர்த்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். கழுவுநீரைத் தார்ப்பாய் விரித்த தொட்டியில் தேக்கி, சுத்திகரித்து, மறுபடியும் பயன்படுத்தப் பணம் வேண்டும். மலிவான கட்டியையே தேடும் இறக்குமதியாளர் அந்தப் பணத்தைத் தருவதில்லை. பையின் மேல் ‘மண்ணில் மக்கக்கூடியது’ என்பதற்குப் பக்கத்தில் ‘கழுவுநீர் சுத்திகரிக்கப்பட்டது’ என்றும் அச்சிட்டு, இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாக விலை வைத்தால், நான் அதைத்தான் வாங்குவேன்.