பிளாக் பெல்ட் தேர்வுக்கு வீட்டில் தனியாகப் பயிற்சி: எதை வாங்கலாம், எதை விடலாம்

பிரவுன் பெல்ட்டிலிருந்து ஷோடான், அதாவது முதல் நிலை பிளாக் பெல்ட் தேர்வுக்குத் தயாராகும்போது, வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் தொல்லை நேரம்தான். ஷிஃப்ட், வீடு, பிள்ளைகள் என்று போக வகுப்புக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கிடைத்தாலே அதிகம். மற்ற நாளெல்லாம் வீட்டில் தனியாகத்தான். உடனே "என்ன வாங்கலாம்?" என்ற கேள்வி வரும். பலரும் முதலில் தேடுவது பன்ச்சிங் பேக். மாடி வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஷோட்டோகான் கராத்தேயில் இந்தத் தேர்வை முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பேக் கடைசியில் வாங்க வேண்டிய பொருள்.

காரணம் தேர்விலேயே இருக்கிறது. ஷோடானில் பார்ப்பது மூன்று: கிஹோன் (அடிப்படை அசைவுகள்), கட்டா (வரிசை மாறாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவுத் தொடர்), குமிதே (எதிராளியோடு மோதுவது). நீங்கள் எவ்வளவு பலமாகக் குத்துகிறீர்கள் என்று யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. நிலை சரியாக இருக்கிறதா, அடியெடுத்து வைக்கும்போது தலை ஏறி இறங்குகிறதா, இடுப்பு திரும்புகிறதா, பார்வை முதலில் போய் உடம்பு பின்னால் வருகிறதா என்றுதான் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். வகுப்பில் இதையெல்லாம் மாஸ்டர் ஒரு அதட்டலில் திருத்திவிடுவார். வீட்டில் அதட்ட ஆளில்லை. அதனால் ஒரு பொருளை வாங்குமுன் நான் பார்ப்பது ஒன்றுதான்: நான் தப்பு செய்தால் இது எனக்குத் தெரியப்படுத்துமா? தெரியப்படுத்தாத பொருள் வியர்வையைத்தான் வரவழைக்கும், மார்க்கை அல்ல.

தரையிலிருந்து தொடங்குவோம். டைல்ஸ் தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும். அதற்காக ஒன்றோடொன்று கோக்கும் ஃபோம் மேட் வாங்குகிறோம். அதில் தடிமனாகவும் மெத்தென்றும் இருப்பதைத்தான் கை தேடும். அதை விடுங்கள். கட்டாவில் திரும்பும்போது கால் மேட்டுக்குள் அமுங்கி நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும், அந்தத் திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகும். கட்டை விரலால் அழுத்தினால் உடனே குழி விழும் மேட் நமக்கு ஆகாது. போட்டிகளில் விரிப்பதைப் போல இரண்டு, இரண்டரை சென்டிமீட்டரில் கெட்டியாக இருந்தால் போதும். சிமென்ட் பூசிய மொட்டைமாடி இருந்தால் மேட்டே வேண்டாம், வெயில் தாழ்ந்த பிறகு ஏறினால் சரி.

அறை சின்னது என்று கவலைப்படுபவர்களுக்கு டெக்கி ஷோடான் இருக்கிறது. முழுக்க கிபா டாச்சியில் (குதிரைமேல் உட்கார்ந்தது போல காலை அகட்டி நிற்கும் நிலை), பக்கவாட்டில் ஒரே கோட்டில் போய் வரும் கட்டா அது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்கூடச் செய்துவிடலாம். பஸாய் டாய் என்ற கட்டாவுக்கு மட்டும் இடம் கேட்கும்.

இனி எனக்கு மிகவும் உதவிய இரண்டு பொருள்கள். இரண்டும் சேர்ந்து நூறு ரூபாய்கூட ஆகாது. ஒன்று, தரையில் ஒட்டும் டேப். தோள் அகலத்துக்கு இரண்டு இணைகோடு ஒட்டிக்கொண்டு, ஜென்குட்சு டாச்சியில் (முன்கால் மடங்கி, பின்கால் நீண்டிருக்கும் நிலை) ஒவ்வொரு காலும் அதனதன் கோட்டில் இறங்குகிறதா என்று பாருங்கள். களைத்துப்போனால் இரண்டு காலும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும், கயிற்றின் மேல் நடப்பது போல. அப்படி நின்று கியாகு சுகி (முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கையால் குத்துவது) குத்தினால் இடுப்பு திரும்பாது, பக்கவாட்டில் தள்ளாட்டமும் இருக்கும். கோகுட்சு டாச்சி என்ற நிலைக்கு நடுவில் இன்னொரு கோடு. இரண்டு குதிகாலும் அதன் மேல் இருக்க வேண்டும், எடையில் எழுபது சதவீதம் பின்காலில். கட்டா தொடங்கும் இடத்திலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஹெயான் ஷோடான் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டிய கட்டா. ஒரு அடி தள்ளி முடித்தீர்கள் என்றால், எங்கோ ஒரு ஸ்டான்ஸ் (நிற்கும் நிலை) குட்டையாகியிருக்கிறது.

இரண்டாவது, கொடிக்கயிறு. மாடியில் துணி காயப்போடும் அதே கயிறுதான். ஜென்குட்சு டாச்சியில் தாழ்ந்து நிற்கும்போது உச்சந்தலைக்கு இரண்டு விரல் மேலே இருக்கும்படி, நீங்கள் நடக்கும் திசையிலேயே நீளமாகக் கட்டுங்கள். அதன் கீழே ஒய் சுகி (முன்னே வைக்கும் கால் பக்கத்துக் கையால் குத்துவது) குத்திக்கொண்டு போங்கள். நடு அடியில் உடம்பு எழும்பினால் கயிறு மண்டையில் உரசும். இதைப் போல முகதாட்சண்யம் பார்க்காத மாஸ்டர் கிடையாது. பயிற்சி முடிந்ததும் கழற்றிவிடுங்கள், இருட்டில் யாராவது வந்து கழுத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள்.

கண்ணாடி தனியாக வாங்க வேண்டியதில்லை, பீரோ கண்ணாடி போதும். ஆனால் அது கிஹோனுக்கு மட்டும். கட்டாவில் பார்வை எதிரி இருக்கும் திசைக்குப் போக வேண்டும். கண்ணாடி முன்னால் பழகினால் கண் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும், தேர்வு ஹாலிலும் தலை அரைகுறையாகத்தான் திரும்பும். கட்டாவுக்கு செல்போன் வீடியோதான் சரி. போனை முக உயரத்தில் வைக்காமல் இடுப்பு உயரத்தில், ஒரு மூலையிலிருந்து சாய்வாகப் பார்க்கும்படி வையுங்கள். நேர் எதிரில் வைத்தால் ஸ்டான்ஸின் நீளம் தெரியாது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்பது என் யோசனை. கெட்டித்துணி யூனிஃபார்ம் 'பட் பட்' என்று அடிக்கும் சத்தத்தில் சுமாரான குத்தும் பிரமாதமாகத் தெரியும்.

இடுப்புக்குப் பழைய சைக்கிள் டியூப். சைக்கிள் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை இடுப்பில். பின்னால் இழுக்கும்போது முன்னேறினால், பின்கால் குதிகாலை ஊன்றித் தள்ளாமல் நகர முடியாது என்பது உடனே புரியும். ஆனால் டம்பெல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாகக் குத்துவது, கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு மாயே கெரி (முன்பக்க உதை) உதறுவது இரண்டும் வேண்டாம். உதறலின் கடைசியில் அந்த எடை முழங்கையையும் முழங்காலையும்தான் இழுக்கும். காலை உயர்த்துவதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். அதன் முதுகைத் தாண்டி முழங்காலைத் தூக்கி, பிறகு யோகோ கெரியை (பக்கவாட்டு உதை) மெதுவாக நீட்டிப் பழகுங்கள். நாற்காலி சாய்ந்தால் முழங்கால் ஏறவில்லை.

அடிப்பதற்கான பொருள்களில் மக்கிவாராவுக்குத் தனி மரியாதை உண்டு. ஒக்கினாவாவில் வீட்டு முற்றத்தில் நட்டு வைத்த, மேலே வைக்கோல் கயிறு சுற்றிய பலகை அது. பலகை வளைந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். மணிக்கட்டு மடங்கினால் அந்த நொடியே வலி சொல்லிவிடும், அந்த வகையில் நல்ல பொருள்தான். ஆனால் மண் தரை உள்ளவர்களுக்குத்தான் அது. சுவரில் ஆணி அடித்து மாட்டும் வகை வளைவதில்லை, சத்தம் வேறு கீழ்வீட்டுக்கு இடி மாதிரி இறங்கும். தேர்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு மக்கிவாரா வேண்டவே வேண்டாம், வளர்கிற எலும்பில் அந்த அடி விழக் கூடாது.

பேக் வாங்கியே தீருவேன் என்பவர்கள் உங்கள் எடையில் பாதி அளவுக்கு வாங்குங்கள். மணல் நிரப்பாதீர்கள். மணல் நாளடைவில் கீழே இறங்கிக் கல்லாகும், மேல்பாதி தொளதொளவென்று ஆகும். திருப்பூர் பக்கம் கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் துணியை அடுக்கடுக்காகத் திணிப்பது நல்லது. ஃபேன் கொக்கியில் மாட்டவே கூடாது. அது ஃபேன் தொங்குவதற்குப் போட்டது, ஆடி ஆடி இழுக்கும் கனத்துக்கு அல்ல. தனிக் கொக்கி போட வீட்டு ஓனரிடம் பேச முடியாது என்றால் தரையில் நிற்கும் வகை இருக்கிறது. அதன் அடித்தொட்டியில் தண்ணீருக்குப் பதில் காய்ந்த மணல் நிரப்பினால் ஒன்றரை மடங்கு கனம் கிடைக்கும், மவாஷி கெரிக்கு (காலைச் சுழற்றி அடிக்கும் உதை) நகர்ந்து ஓடாது.

விங் சுன் மரப்பொம்மையை விசாரிப்பவர்களும் உண்டு. அழகான பொருள், ஆனால் அது வேறு கலைக்கானது. ஷோட்டோகான் தேர்வில் அதனால் ஒரு பயனும் இல்லை. கோஜுரியூ என்ற இன்னொரு கராத்தே பிரிவினர் பயன்படுத்தும் சி இஷி, நிகிரி கமே எல்லாம் கைப்பிடியின் பலத்துக்கும் தோளுக்கும் நல்லவை. விளிம்புள்ள ஊறுகாய் ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாக மணல் போட்டு, விரல்களால் விளிம்பைப் பிடித்துத் தூக்கி நடந்தால் அதுதான் நிகிரி கமே. கர்லாக்கட்டை சுற்றத் தெரிந்தவர்களுக்கு, ஒரு முனையில் மட்டும் கல் உள்ள சி இஷி புதிதாகவே இருக்காது. தேர்வு நெருங்கும்போது இவற்றைத் தொடாதீர்கள், தோள் இறுகிவிடும்.

குமிதேக்கு வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். டென்னிஸ் பந்தை நூலில் கட்டி முக உயரத்தில் தொங்கவிட்டு, தொடாமல் அதன் முன்னால் குத்தை நிறுத்திப் பழகலாம். கட்டுப்பாடு இல்லாமல் எதிராளியை அடித்துவிட்டால் தேர்வில் பெயர் கெடும், அதற்கு இது உதவும். எதிராளியின் அசைவைப் படிப்பதை எந்தப் பொருளும் கற்றுத் தராது, அதற்கு வகுப்புக்குத்தான் போக வேண்டும். கிளவுஸ், ஷின் கார்டு எல்லாம் எந்த வகை, எந்த நிறம் என்று உங்கள் சங்கத்தில் கேட்ட பிறகே வாங்குங்கள். பல் கார்டை மட்டும் முன்கூட்டியே வாங்கி, வெந்நீரில் இளக்கிக் கடித்து அச்சு எடுத்து, வீட்டில் கட்டா செய்யும்போதே போட்டுப் பழகுங்கள். முதல் சில நாள் குமட்டும், கியாய் (அடிக்கும்போது போடும் கத்தல்) சத்தமும் வாய்க்குள்ளேயே நிற்கும்.