ஓர் அங்குல போர்வெல்

திருச்செங்கோட்டுக்காரர்கள் முன்னால் துளை போடும் மெஷினோடு போய் நிற்கக் கூடாது. போர்வெல் லாரிகளை நாடு முழுக்க அனுப்பும் ஊர் அது. ஆய்வுப் படிப்புக்காக அந்தப் பக்கம் ஒரு நைஸ் (gneiss, வரிவரியான உருமாறிய பாறை) பாறையில் கையடக்க பெட்ரோல் டிரில்லை ஓட்டிக்கொண்டிருந்தேன். காட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "எத்தன அடி போவுமுங்க தம்பி?" நாலு அங்குலம் என்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பூமிக்குள் பாறை நசுங்கி இழுபடும்போது அதிலுள்ள பயோடைட் (கருப்பு மைக்கா), மேக்னடைட் (காந்த இரும்புத் தாது) மணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரிசைப்படும். கண்ணுக்குத் தெரியாத வரிசையைக்கூடக் காந்தப்புலத்தால் பிடித்துவிடலாம். கல்லில் எந்தத் திசையில் காந்தம் அதிகம் ஏறுகிறது, எதில் குறைவு என்று அளந்தால் மூன்று அச்சுள்ள ஒரு நீளுருண்டை கிடைக்கும். நீண்ட அச்சு இழுபட்ட திசை, குட்டை அச்சு நசுங்கிய திசை. 1954இலேயே கிரஹாம் என்ற ஆய்வாளர் இந்த வழியைச் சொல்லிவிட்டார். நீளுருண்டை எவ்வளவு கோணலோ அவ்வளவு திரிபு, அதாவது பாறை அவ்வளவு உருமாறி நசுங்கியிருக்கிறது என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். வினையே அங்கேதான்.

துளைத்த உருளைக் கல்லை ஒடித்து எடுக்கும் முன்பே, துளைக்குள் இருக்கையில் பித்தளைக் கம்பியால் மேல்பக்கம் கோடு கீறி, திசையையும் சாய்வையும் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குள் ஒடிந்தால் கல் வீண். அப்படிப் போனவற்றை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சேலம் கஞ்சமலை போல மேக்னடைட் மண்டிய இடத்தில் திசைகாட்டியையும் நம்ப முடியாது, வெயிலை வைத்துத்தான் திசை பார்க்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் 25 மி.மீ. விட்டம், 22 மி.மீ. உயரத்துக்கு அறுத்து, வேறோர் ஆய்வகத்தில் முறை வாங்கிக் காத்திருந்து, கல் எவ்வளவு காந்தம் ஏற்கிறது என்று அளக்கும் காப்பாபிரிட்ஜ் கருவியில் சுழலவிட்டு அளந்தேன்.

அச்சுகள் அழகாக வந்தன. குட்டை அச்சுகள் பாறையின் தகடமைப்புக்குச் செங்குத்தாகக் கூட்டமாக விழுந்தன. ஓர் இடத்தில் மட்டும் அவை தகட்டுக்குள்ளேயே படுத்திருந்தன. மிக நுண்ணிய மேக்னடைட் மணிகள் அச்சுகளை இடம் மாற்றிவிடும் என்று படித்திருந்ததால், அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு பார்த்தால், அந்த இடத்துக் கற்களில் திசை காட்டும் அம்புக்குறியைத் தலைகீழாக வரைந்திருக்கிறேன்.

அடுத்து அச்சுகளின் வித்தியாசத்தை வைத்து 'எங்கே திரிபு அதிகம்' என்று வண்ண வரைபடம் போட்டேன். வழிகாட்டி மேடம் பார்த்துவிட்டு, "சராசரிக் காந்த ஏற்புத்திறனோட சேத்து வரைஞ்சு பாத்தீங்களா?" என்றார். அன்று ராத்திரியே வரைந்தேன். ஏற்புத்திறன், அதாவது கல் காந்தம் ஏற்கும் அளவு, ஏற ஏற அச்சுகளின் வித்தியாசமும் கூடவே ஏறியது. மேக்னடைட் நிறைய உள்ள கல் அதிகம் திரிந்ததாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் போட்டது மேக்னடைட் வரைபடம். ஒரு வாரம் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை.

வேல்ஸ் நாட்டு ஸ்லேட்டில் பச்சைப் புள்ளிகள் உண்டு. ஏறக்குறைய உருண்டையாக இருந்து நசுங்கியவை என்பதால், காந்த அளவை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் நைஸில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கடைசியில் பயோடைட் ஆதிக்கமான கற்களையும் மேக்னடைட் கற்களையும் மெல்லிய வெட்டுகளாக்கி நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்தேன். ஒரே வகைக்குள் மட்டும் ஒப்பிட்டேன், அதுவும் கூடக்குறைய என்ற அளவுக்குத்தான். அத்தியாயத் தலைப்பில் 'திரிபின் அளவு' என்றிருந்ததை அடித்துவிட்டு 'திரிபின் திசை' என்று மாற்றினேன்.