மகளுக்கு ஏர் ரைபிள் வாங்கிய கதை

எங்கள் குலசேகரம் பக்கத்தில் ஒருவன் துப்பாக்கி வாங்கப் போகிறான் என்று தெரிந்தால், முதலில் வரும் கேள்வி "பன்னிக்கா, மிளாவுக்கா?" என்பதுதான். மிளா என்றால் கடமான். பன்றி இறங்கி மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிப் போடுகிற ஊர், கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. "மிளா கெடச்சா நமக்கும் ஒரு பங்கு உண்டும் என்னா மக்ளே" என்று பக்கத்து வீட்டு மாமா சிரித்தார். 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, மிளாவோ புள்ளிமானோ சுட்டால் ஜெயில்தான் என்று அவருக்கும் தெரியும்.

நான் தேடியது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு, பத்து மீட்டர் தூரத்து இலக்கைச் சுடும் ஏர் ரைபிள் போட்டிக்கு. பள்ளியில் யாரோ அறிமுகப்படுத்தி, இரவல் துப்பாக்கியில் பழகி, இப்போது சொந்தமாக வேண்டும் என்கிறாள்.

லைசென்ஸ் விஷயம் சுலபம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மிகாத துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் தேவை. போட்டி ரைபிள்கள் இந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கும். கடைக்காரர்கள் 'ஆயிரம் அடி வேகம்' என்று காட்டுகிற ஆசையெல்லாம் நமக்கு வேண்டாம். போட்டி ரைபிளில் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் போகும், அது போதும்.

துல்லியத்தை எப்படி அளப்பது என்று படிக்கப் போனால், எங்கு பார்த்தாலும் அமெரிக்காக்காரர்களின் மான் வேட்டை ரைபிள்தான். அதிலும் ஒரு பிரயோஜனம் இருந்தது. டிக்கா போன்ற கம்பெனிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 'ஒரு எம்ஓஏ' என்று உத்தரவாதம் தருகின்றன. எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக் கோணம். நூறு கெஜத்தில் மூன்று குண்டு சுட்டால் மூன்றும் ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று அர்த்தம். அதே கோணம் பத்து மீட்டரில் கிட்டத்தட்ட 2.9 மி.மீ. ஆனால் மூன்று குண்டு அதிர்ஷ்டத்தாலும் ஒன்றாக விழும். நான் ஐந்துக்குக் குறைந்து எதையும் நம்பவில்லை.

இனி நம் போட்டியின் இலக்கு அட்டையைப் பார்ப்போம். நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ.தான். ஆனால் 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. அதாவது பெல்லட்டின் மையம் 2.5 மி.மீ. வரை விலகலாம். பத்தையும் 10.0 முதல் 10.9 வரை பிரித்துப் பார்க்கிற தசமக் கணக்கில், உச்சமான 10.9 வேண்டுமென்றால் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆக, மான் ரைபிளின் அந்த 'ஒரு எம்ஓஏ' இங்கே பத்து எடுக்கப் போதும், தசமத்துக்குப் போதாது. இந்தக் கணக்குப் புரிந்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதலில் பார்த்தவை ஸ்பிரிங் ரைபிள்கள். விலை குறைவு, பேரலை மடக்கி நாமே லோடு செய்யலாம். ஆனால் பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் குதித்துத் துப்பாக்கியை உலுக்கிவிடுகிறது. இறுகப் பிடித்தால் ஓரிடம், தளர்த்திப் பிடித்தால் வேறிடம். அனுபவப்பட்ட கை அதைச் சமாளிக்கும். பழகுகிற பிள்ளைக்குத் தப்பு தன்னுடையதா துப்பாக்கியுடையதா என்றே தெரியாமல் போய்விடும். காற்றுச் சிலிண்டர் வைத்த ரைபிளில் அந்தக் குலுக்கல் இல்லை. அப்புறம் வேறு பேச்சில்லை, சிலிண்டர்தான்.

ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ் என்று ஜெர்மன் ரைபிள்கள் புதிதாக வாங்க நம்மால் ஆகாது. நமக்குத் திருவனந்தபுரமும் எட்டுகிற தூரம்தான் என்பதால், அங்கே வட்டியூர்க்காவு துப்பாக்கி சுடும் ரேஞ்சில் விசாரித்தோம். 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டியது. சுடுவதை நிறுத்திவிட்ட ஒரு சேச்சி தன் பழைய ஃபைன்வெர்க்பாவைக் கொடுக்கத் தயாராக இருந்தார். அதற்குமுன் வேறொருவர் காட்டியது பார்க்கப் புதுசாகவே மின்னியது. அங்கிருந்த கோச் முதலில் பார்த்தது பேரலையல்ல, சிலிண்டரில் பொறித்த தேதியை. தயாரித்துப் பத்து வருடம் தாண்டினால் போட்டியில் அனுமதியில்லை. அது தாண்டியிருந்தது. பழையது வாங்குகிறவர்கள் விலை பேசுமுன் அந்தத் தேதியைப் படித்துவிடுங்கள். புதுச் சிலிண்டருக்குத் தனிச் செலவாகும்.

சேச்சியின் ரைபிள் சிலிண்டருக்குத் தேதி இன்னும் பாக்கி இருந்தது. பெஞ்சில் மணல் பை வைத்து, மகளை விலக்கிவிட்டு கோச்சே சுட்டார். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஒரே கம்பெனி பெல்லட், தலையின் அளவு மட்டும் 4.49, 4.50, 4.51 என்று மாறுகிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 4.49-இல் ஐந்து ஓட்டையும் பூ மாதிரி விரிந்தது, வெர்னியர் அளவுகோலில் விளிம்புக்கு விளிம்பு எட்டு மி.மீ.க்கு மேல். 4.50-இல் ஒரே ஓட்டை, ஓரம் லேசாகக் கடித்த மாதிரி, ஆறுக்குச் சற்றுக் கீழே. பெல்லட்டின் 4.5-ஐக் கழித்தால் ஒன்றரைக்குள். 4.51 நடுவில் நின்றது. துப்பாக்கி அதேதான், சுட்டவரும் அவரேதான். மூன்று அளவையும் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார், வரிசை மாறவில்லை.

பிறகு மகளின் உடம்புக்குப் பொருத்துவது. தோளில் பதியும் கட்டையின் நீளத்தைக் குறைத்து, கன்னம் பதியும் பலகையை ஏற்றி, கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்துத் திறந்தால் பீப் சைட், அதாவது குறி பார்க்கும் துளை, நேராகத் தெரிய வேண்டும் என்றார் கோச். கழுத்து வளைந்தால் இன்னும் பலகையை ஏற்று. இதற்குத்தான் அதிக நேரம் போனது. விலை பேசியதெல்லாம் சாயா குடிக்கிற நேரம்தான். அடையாள அட்டை நகல் கொடுத்து, என் பேரில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஊருக்கு வந்தபின் தொல்லை ஈரம்தான். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கைப்பம்பில் காற்று அடிக்கும்போது ஈரமும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும், அதனால் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் இல்லாமல் அடிப்பதில்லை. கைபட்ட இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் பெட்டியில் வைப்போம். பெல்லட் ஈயம், டப்பா திறந்து கிடந்தால் வெள்ளை பூக்கும். தொட்ட கையைக் கழுவாமல் முறுக்கு எடுக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். 4.50-இல் ஒரே லாட் எண் உள்ள, அதாவது ஒரே தடவையில் தயாரான டப்பாக்களாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறோம். அது தீர்ந்தால் புது லாட்டோடு மறுபடி வட்டியூர்க்காவு போய் மணல் பை, வெர்னியர் எல்லாம் எடுக்க வேண்டும்.