எதிரியின் குண்டையே திருப்பிச் சுட்ட தங்கமலை

சீனாவின் தாலியன் பக்கம் போகிறவர்கள், அங்குள்ள ல்யூஷுன் துறைமுக ஊரில் 203 குன்றை (203 மீட்டர் உயரம் என்பதால் அந்தப் பெயர்) மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் முதலில் பாய்யூஷான் குன்றில் ஏறினேன். துறைமுகத்தின் வாய் எவ்வளவு குறுகல் என்பது அங்கிருந்துதான் தெரிகிறது. வலப்பக்கம் புலிவால் முனை, இடப்பக்கம் தங்கமலை. 1904-ல், ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது, இந்த ஊரின் பெயர் போர்ட் ஆர்தர்; ரஷ்யர்கள் கையில் இருந்தது. ரஷ்யாவின் பசிபிக் கடற்படை இந்த வாய்க்கு உள்ளேதான் ஒதுங்கி நின்றது.

நான் பார்க்க வந்தது தங்கமலையை. அங்கே ரஷ்யர்கள் 1877-ஆம் ஆண்டு மாதிரி 11 அங்குல மோர்ட்டார் பீரங்கிகளை வைத்திருந்தார்கள். குட்டையான, தடித்த குழல். கப்பலுக்குக் கனத்த கவசம் இருப்பது பக்கவாட்டில், மேல்தளம் மெல்லியது. அதனால் மோர்ட்டார் குண்டை உயரத் தூக்கி எறிந்து தலைமேல் விழவைக்கும். கடலைக் காக்கவே வைத்த ஆயுதம் இது.

ஆனால் ஆபத்து நிலம் வழியாக வந்தது; ஜப்பானியப் படை ஊரை முற்றுகையிட்டது. ஜப்பானியர்களும் தங்கள் கரையோரக் காவலுக்கு இதே யோசனையில் 28 சென்டிமீட்டர் ஹோவிட்சர்களை (குண்டை உயரே எறியும் பீரங்கிகளை) வைத்திருந்தார்கள். அவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து முற்றுகையில் நிறுத்தினார்கள். ஒரு குண்டு 217 கிலோ! அக்டோபர் 1 முதல் விழ ஆரம்பித்தன. வரும் சத்தம் ரயில் ஓடுவதுபோல இருக்குமாம். நிறைய குண்டுகள் வெடிக்கவில்லை. 11 அங்குலம் என்றால் 279.4 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அதே அளவு. விழுந்து கிடந்தவற்றைச் சரிசெய்து, தங்கள் மோர்ட்டாரிலேயே போட்டுத் திருப்பிச் சுட்டார்கள் ரஷ்யர்கள். முற்றுகைக்குள் சிக்கியவர்களின் இந்தச் சாமர்த்தியம்தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

அப்புறம் கிழக்குச் சேவற்கொண்டை மலைக் கோட்டை. கான்கிரீட் சுவரில் கை வைத்தால் குண்டு பிய்த்த குழிகள் விரலில் தட்டுப்படுகின்றன. தற்காப்பின் உயிர்நாடியாக இருந்த ரஷ்யத் தளபதி கொந்த்ராதென்கோ டிசம்பர் 15 அன்று இங்கேதான், அந்த ஹோவிட்சர் குண்டுக்குப் பலியானார்.

அதற்குப் பத்து நாள் முன்பே 203 குன்று விழுந்திருந்தது. உச்சியில் நின்றால் துறைமுகம் அப்படியே தெரிகிறது. ஜப்பானியர்கள் அங்கிருந்து பார்த்து இலக்கைச் சொல்ல, ஹோவிட்சர்கள் உள்ளே நின்ற போர்க்கப்பல்களைத் தளத்தின் மேலேயே அடித்தன. பொல்தாவா முதலில் மூழ்கியது. எந்தக் கணக்கை நம்பி ரஷ்யர்கள் தங்கமலையில் மோர்ட்டார் வைத்தார்களோ, அதே கணக்கு அவர்கள் கப்பல்கள்மீதே பலித்தது. 1905 ஜனவரி 2-ல் கோட்டை சரணடைந்தது.

போகிறவர்கள் பாய்யூஷானை முதலில் பாருங்கள். துறைமுகத்தின் அமைப்பு மனதில் பதிந்த பிறகு 203-க்கு ஏறினால்தான், ஒரு சின்னக் குன்றுக்காக ஏன் அத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்பது புரியும்.