தார் பிளாண்டும் எங்கள் மூன்று மனுக்களும்

மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு பிளாட்டில் வீடு கட்டிக் குடிவந்தபோது, எதிரே யானைமலை, பின்னால் வெறும் பொட்டல். மறுவருடமே அந்தப் பொட்டலில் ரோடு வேலைக்கென்று ஒரு தார் பிளாண்ட் முளைத்துவிட்டது. கடைசி வீட்டுச் சுவரிலிருந்து, தார் காய்ச்சும் டேங்க் பக்கத்து வேலி வரை நானே நடந்து அளந்தேன். நூற்றுப் பத்து தப்படி.

முதல் மனு புகையைப் பற்றி. கண் எரிகிறது, மாடியில் துணி காயப்போட முடியவில்லை என்று எழுதி, முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தோம். ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்தது. அதோடு சரி.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ராத்திரி, ‘புஸ்’ஸென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், டேங்க் மூடி வழியாகக் கறுப்பு நுரை, பால் பொங்குகிற மாதிரி பொங்கி வழிகிறது. டேங்கைச் சூடேற்றும் பர்னர் பக்கம் இறங்கியது பற்றிக்கொண்டது. எங்கள் தெருப் பையன் ஒருவன் நல்ல மனசோடு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆபரேட்டர் போட்ட சத்தத்தில் வாளியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். மணலை அள்ளிக் கொட்டித்தான் அணைத்தார்கள்.

மறுநாள் டீக்கடையில் அந்த ஆபரேட்டரே விளக்கினார். “தண்ணிதாண்ணே இதுக்கு எமன். மூடி சரியில்ல, மழைத்தண்ணி உள்ள எறங்கிருச்சு.” தாரை 150, 160 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். தண்ணீரோ நூறிலேயே ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் வேண்டும். தாருக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் அந்த இடத்துக்கு எங்கே போகும்? தாரையே தூக்கி வெளியே எறிகிறது. எரிகிற தாரில் தண்ணீர் ஊற்றினாலும் இதே கதைதான்.

இன்னொன்றும் சொன்னார். எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. டேங்கில் தார் மட்டம் இறங்கி, சூடேற்றும் குழாய் வெளியே தலைகாட்டினால், மேலே நிற்கும் ஆவி அதில் பற்றி டேங்கே வெடிக்கலாம். ரோட்டுக்குப் போடும் வீஜி-30 ரகத் தார் 220 டிகிரிக்குக் கீழே பற்றக்கூடாது என்பது தர விதி. ஆனால் நெருப்பு ஓடும் குழாயின் சூடு அதையெல்லாம் தாண்டும். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன் நான், சூடு மீறினால் என்ன ஆகும் என்று தெரியும். டேங்கில் தெர்மாமீட்டர் வேலை செய்யவில்லை என்று அவர் சொன்னதும் டீ இறங்கவில்லை.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். பிளாண்டை இயக்கக் கொடுத்த இசைவாணையின் நகல், அதிலுள்ள நிபந்தனைகள், இரண்டையும் கேட்டோம். 30 நாள் கெடு முடிகிற வாரத்தில் வந்தது. டேங்கைச் சுற்றித் தடுப்புச்சுவர் வேண்டும் என்று அதில் இருந்தது. தரையில் ஒரு செங்கல்கூட இல்லை.

மூன்றாவது மனுவில் புகை என்ற வார்த்தையே வராமல் பார்த்துக்கொண்டேன். தெருவில் சிலருக்கு வருத்தம்தான். தடுப்புச்சுவர் இல்லை, மூடி ஓட்டை, தெர்மாமீட்டர் ஓடவில்லை, அன்று ராத்திரி தீப்பிடித்தது, வீடு இத்தனை தப்படியில். ஒரே பக்கம், கூடவே மூன்று போட்டோ. நகலை நேரே தீயணைப்பு நிலையத்தில் கொடுத்தேன். நாலாம் நாள் ஆய்வுக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் பிளாண்ட் நின்றது. சுவர் எழும்பியது, மூடி மாறியது, சூடு ஏறினால் தானே பர்னரை நிறுத்தும் கருவியும் மாட்டினார்கள். இப்போது அந்தப் பக்கம் போனால் ஆபரேட்டர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே, “நூத்தி அம்பத்தஞ்சுண்ணே!” என்று சத்தம் கொடுக்கிறார்.

துணி இன்னும் வீட்டுக்குள்தான் காய்கிறது. அதற்கு நாலாவது மனு தயாராகிறது.